பி450 போர்டு அப்படியே இருக்கட்டும்: ரைசன் 2200ஜி கணினியைக் குறைந்த செலவில் மேம்படுத்துதல், ஒரு நிகழ்வு ஆய்வு

2018, 2019இல் சிக்கனமாக அசெம்பிள் செய்த கணினிகளில் அடிக்கடி காணப்படும் அமைப்பு இது: ரைசன் 3 2200ஜி பிராசஸர், பி450 சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 2400 வேகத்தில் ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள் இருக்கும் வேகா 8 தான் திரையை ஓட்டுகிறது. இந்த ஆய்வு இந்த அமைப்பைப் பற்றியது. அதில் நடக்கும் வேலை: பிரவுசரில் இருபது டேப், கல்லூரிப் பாடத்துக்கான புரோகிராமிங், 1080பி வீடியோ எடிட்டிங், எப்போதாவது சின்ன கேம். குறை இரண்டு. ஆன் செய்தபின் சில நிமிடம் போனால்தான் கணினி கைக்கு வருகிறது. வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது வேறு எதையும் தொட முடிவதில்லை.

இதோடு ஒரு கெடுவும் வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிராசஸர் பட்டியலில் 2200ஜி இல்லை. பெயரில் 2000 வரிசை என்றிருந்தாலும் உள்ளே இருப்பது முதல் தலைமுறை ஜென் (ரைசனின் உள்வடிவமைப்பு) கோர்தான். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் இந்த போர்டு தரும். தடையாக நிற்பது பிராசஸர் மட்டுமே.

கையில் அளவான பணம் இருக்கும்போது எவையெல்லாம் மாறாமல் இருக்கலாம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இங்கே போர்டு, கேபினெட், மானிட்டர் மூன்றும் நிற்கின்றன. எஸ்எம்பிஎஸ் நிற்குமா என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க் வேலை மாறி நிற்கிறது. விலைகள் வாரத்துக்கு வாரம் ஆடுவதால் ரூபாய்க் கணக்குக்குப் பதில் செலவின் வரிசையைத் தருகிறோம்.

எங்கே அடைக்கிறது

எதையும் வாங்குமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மூன்று நேரங்களில் பாருங்கள்: ஆன் செய்த முதல் ஐந்து நிமிடம், டேப்கள் நிறைய திறந்திருக்கும்போது, எக்ஸ்போர்ட் ஓடும்போது.

முதல் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிராசஸர் பாதி கூட உழைக்காது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்டு எடுக்கிறது. தேடும் தகவல் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிசெகண்டு. ஹெட் நகர இன்னும் 8, 9 மில்லிசெகண்டு. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு 80 முறைக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் எழும்போது கேட்பது ஆயிரக்கணக்கில். எவ்வளவு நல்ல பிராசஸர் போட்டாலும் இந்தக் காத்திருப்பு அப்படியேதான் இருக்கும்.

இரண்டாம் நேரத்தில் நினைவகம் நிரம்பும். 8 ஜிபியில் ஒரு பங்கை வேகா தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்ற வரியில் அது தெரியும். மிச்சம் போதாமல் பேஜ் ஃபைலுக்கு (ராமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) தள்ளப்படுவது மறுபடியும் அதே ஹார்ட் டிஸ்க்குக்கே போகிறது. எக்ஸ்போர்ட் நேரத்தில்தான் நான்கு கோரும் முட்டி நிற்கும். 2200ஜியில் நான்கு கோருக்கு நான்கே த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓட்டம்தான்.

அடைப்பு மூன்று இடத்தில் இருக்கிறது, அதன் வரிசை டிஸ்க், ராம், பிராசஸர். பணத்தை மூன்று தவணையாகத்தான் திரட்ட முடியும் என்றால் இதே வரிசையில் வாங்குங்கள். பிராசஸரை முதலில் வாங்கி, பழைய டிஸ்க்கிலேயே ஓட்டிப் பார்த்து, 'பணம் வீண்' என்று வருந்துவோர் நிறைய.

ஏன் ஏஎம்4 சாக்கெட்டை விடவில்லை

2017இல் ரைசனோடு பரவலான ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் குழி) நான்கு தலைமுறை பிராசஸர்களைத் தாங்கியது. பி450 போர்டுகளுக்கு ஜென் 3 (நான்காவது தலைமுறை) கிடையாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி முதலில் அறிவித்தது. பயனர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. அதனால்தான் 2018இல் வந்த ஒரு சிப்செட், 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரை இன்று ஏற்கிறது.

அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குப் போனால் பிராசஸர், போர்டு, டிடிஆர்5 ராம் மூன்றும் புதிதாக வேண்டும். பழைய ராம் எதற்கும் ஆகாது. 2025 பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறிய பிறகு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிவிட்டது. கையில் இருக்கும் டிடிஆர்4 துண்டுக்கும் இப்போது மதிப்பு உண்டு.

இன்டெல் கணினி வைத்திருப்போருக்கு இதே கணக்கு பொருந்தாது. எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை சாக்கெட் உண்டு. 100, 200 வரிசை சிப்செட் போர்டுகள் 6, 7ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். 8ஆம் தலைமுறை பிராசஸர் அதே குழியில் உட்காரும், ஆனால் ஓடாது. 7ஆம் தலைமுறையில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. அப்படிப்பட்ட போர்டுக்குப் பழைய ஐ7 தேடி அலைய வேண்டாம். எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), ராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவற்றில் எஸ்எஸ்டி அடுத்த கணினிக்கும் கூடவே வரும்.

5600ஆ, 5600ஜியா

கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இந்தக் கணினிக்கு அந்த எழுத்துதான் எல்லாம். ரைசன் 5 5600, 5600எக்ஸ், 5500, 5700எக்ஸ் எதிலும் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இருக்கும். அதில் கேபிள் செருகினாலும் திரை இருட்டாகத்தான் இருக்கும். 2200ஜி வைத்திருந்தவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான்.

5600ஜியில் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அடிப்படை வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.4. எல்3 கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, வேகா 7 கிராபிக்ஸ், 65 வாட். 5600இல் கேஷ் 32 எம்பி; கார்டும் எஸ்எஸ்டியும் இணையும் பிசிஐஇ பாதையில் 4.0 பதிப்பு உண்டு. ஆனால் பி450 போர்டில் பிசிஐஇ 3.0க்கு மேல் கிடையாது, அதனால் அந்தச் சிறப்பு இங்கே உறங்கிக் கிடக்கும். மிச்சம் இருப்பது கேஷ். அது பலன் தருவது நல்ல கிராபிக்ஸ் கார்டோடு கேம் ஆடும்போது. ஆறு மாதத்துக்குள் கார்டு வாங்குவது உறுதி என்றால் 5600, இல்லையென்றால் 5600ஜி. 2024இல் வந்த 5600ஜிடியும் கிட்டத்தட்ட இதே சரக்குதான், எது மலிவோ அதை எடுக்கலாம்; அதற்கு வேண்டிய பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) எண்ணை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு என்பவர் எட்டு கோர் 5700ஜியைப் பார்க்கலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். வேகா 7க்கு ஏவி1 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவை ஹார்ட்வேரில் விரிக்கத் தெரியாது. யூடியூப் ஏவி1இல் அனுப்பினால் அந்த வேலை கோர்களின் தலையில் விழும். 1080பிக்கு ஆறு கோர் தாராளம். இன்னொன்று, 2200ஜி கிராபிக்ஸ் துளைக்கு எட்டு லேன்தான், அதாவது எட்டுத் தகவல் பாதைதான் தந்தது, 5600ஜி பதினாறு தருகிறது. பின்னால் கார்டு வாங்கினால் இது உதவும்.

மலிவு பி450எம் போர்டுகளில் பிராசஸருக்கு மின்சாரம் சீராக்கும் விஆர்எம் பகுதியின் மேல் ஹீட்சிங்க்கே இருக்காது. 65 வாட் என்று போட்டிருக்கும் பிராசஸர் சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் என்பது 142 வரை போகும். முன்னதை இந்த போர்டுகள் தாங்கும். பின்னதில் விஆர்எம் கொதித்து வேகம் தானே இறங்கும். ஆகவே 5800எக்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் இந்த போர்டில் போடாதீர்கள்.

பெட்டியில் வருவதற்கும் 'ட்ரே' என்று தனியாக வருவதற்கும் வித்தியாசம் உண்டு. பெட்டிச் சரக்குக்குத் தயாரிப்பாளரின் 3 ஆண்டு வாரன்ட்டியும் ரெய்த் ஸ்டெல்த் கூலரும் உண்டு. ட்ரே சரக்குக்கு விற்றவர்தான் பொறுப்பு. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தையில் வாங்கும்போது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் 1331 பின்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிசை பிசகியிருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். பயாஸ் திரையில் பெயரைக் காட்டச் சொல்லி, பத்து நிமிடம் சினிபெஞ்ச் (பிராசஸரை முழுச் சுமையில் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டச் சொல்லி, அதன் பிறகு பணம் கொடுங்கள்.

பயாஸ்: பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே

இந்த வேலையில் தோல்வி பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பழைய பயாஸ் இருக்கும் போர்டில் 5600ஜியை வைத்தால் விசிறி சுற்றும், திரை வராது. போர்டு கெட்டுவிட்டது, பிராசஸர் போலி என்றெல்லாம் சந்தேகம் ஓடும். போர்டுக்கு அந்தப் பிராசஸரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

'எம்எஸ்இன்ஃபோ32' (msinfo32) என்று ரன் பெட்டியில் அடித்தால் போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும் வரும். போர்டின் மூலையில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் இருந்து, ஒன்றின் பயாஸ் மற்றொன்றுக்கு ஒத்துவராமல் போவதுண்டு. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு பட்டியலைத் திறந்தால் 5600ஜிக்கு எதிரே ஒரு பயாஸ் எண் இருக்கும். அதுவோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஏஜீசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை நிரல்) 1.2.0.7ஐயோ அதற்குப் பிந்தியதையோ கொண்ட பயாஸை எடுப்பது நல்லது. டிபிஎம் ஆன் செய்த ரைசன் கணினிகள் இடையிடையே ஒரு கணம் திக்கி நிற்கும் கோளாறை 2022இல் அதில்தான் சரிசெய்தார்கள்.

பயாஸ் பக்கத்தில் இருக்கும் சிறு எழுத்துக் குறிப்புகளைப் படிக்காமல் இறக்காதீர்கள். சில போர்டுகளுக்கு நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வேறு சிலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பிதான். புதிய பிராசஸர்களுக்கு இடம் செய்யப் பழையவற்றின் ஆதரவை வெட்டியிருப்பார்கள். 2200ஜி போன்றவற்றோடு இந்தப் பதிப்பைப் போட வேண்டாம் என்றே சில பக்கங்களில் எழுதியிருக்கும். அத்தகைய போர்டில் 5600ஜி கைக்கு வந்த பிறகே பயாஸைத் தொடுங்கள். பயாஸ் ஏறி, திரை வராமல் போனால், உடனே புதியதை மாற்றிவிடலாம்.

பயாஸைத் தொடுமுன் பிட்லாக்கரை (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் ஹோமில்கூட 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் அது தானே ஓடிக்கொண்டிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். ரைசன் கணினிகளில் டிபிஎம் பிராசஸரோடு சேர்ந்தது. பிராசஸர் போனால் அதில் இருந்த சாவியும் போகும். அந்த 48 இலக்கம் இல்லாமல் டிஸ்க்கில் உள்ள படமும் பாடமும் திரும்பக் கிடைக்காது.

பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஜிப்பைப் பிரித்து உள்ளிருக்கும் கோப்பை மட்டும் அதில் வையுங்கள். கிகாபைட் போர்டில் க்யூ-ஃப்ளாஷ், ஆசுஸில் ஈசி ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ் என்று பெயர் மாறும், வேலை ஒன்றே. விண்டோஸுக்குள்ளிருந்து செய்யும் மென்பொருளை நாட வேண்டாம். யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் நடுவில் மின்சாரம் போனால் சிப்பில் பாதி எழுதியபடி நின்றுவிடும். பிறகு கடையில் புரோகிராமர் வைத்து எழுதித்தான் மீட்க வேண்டும்.

முடிந்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்திருந்து, பயாஸ் இப்போது யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை மட்டும் என்று மாறியிருந்தால் விண்டோஸ் எழாது. பழைய முறையையும் ஏற்கச் செய்யும் சிஎஸ்எம்மை ஆன் செய்தால் வந்துவிடும்.

எஸ்எஸ்டியும் ராமும்

பிராசஸரைத் தொடுமுன் இவை இரண்டையும் போட்டு ஓரிரு நாள் ஓட்டுங்கள். மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால், கோளாறு வந்தால் எதனால் என்று தெரியாது.

இந்த போர்டுகளில் எஸ்எஸ்டி செருக பெரும்பாலும் ஒரு எம்.2 துளைதான், பிசிஐஇ 3.0இல் நான்கு லேன். விநாடிக்கு 3500 எம்பிதான் அதன் எல்லை. எனவே அதற்கு மேல் வேகம் சொல்லும் 4.0 எஸ்எஸ்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது தேவையற்றது. ஒரே விலை என்றால் வாங்கலாம், பழைய வேகத்தில் ஓடும். எம்.2 திருகும் அதன் கீழே வரும் சிறு குமிழும் போர்டுப் பெட்டியில் இருந்தன. பெட்டி தொலைந்திருந்தால் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸை நகல் எடுப்பதைவிடப் புதிதாக விண்டோஸ் 11 போடுவதே நல்லது. எம்பிஆர் சிக்கலும் அதோடு ஒழியும். ஆனால் அந்த நிறுவலைப் பிராசஸர் மாற்றிய பின் வையுங்கள்; அதுவரை எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10ஐ ஓட்டிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பாருங்கள். பழுதான இடங்களை எண்ணும் 05, சி5 வரிகள் பூஜ்யமாக இருந்தால் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். எண் ஏறிக்கொண்டே போனால் அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

ராமில் எண்ணிக்கைதான் பேசும். 2400 வேகத்தில் ஒற்றைத் துண்டு விநாடிக்கு 19.2 ஜிபி கொடுக்கிறது. 3200 வேகத்தில் இரண்டு துண்டு சேர்ந்தால் 51.2 ஜிபி. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை. இந்தக் குழாய் அகலமானால்தான் அது மூச்சு விடும். 8 ஜிபி வீதம் இரண்டு கொண்ட 3200 ஜோடிதான் சரியான தேர்வு. அதற்குப் பணம் இல்லையென்றால் இன்னொரு 8 ஜிபி மட்டும் சேர்க்கலாம். இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும், 38.4 ஜிபி கிடைக்கும். அதுவே முன்பிருந்ததன் இரு மடங்கு. புதிய ஜோடி என்றால் பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 3200 ராம் குறைந்த வேகத்திலேயே காலம் தள்ளும். 2200ஜிக்கு அதிகாரப்பூர்வ வேகம் 2933 வரைதான். அதில் 3200 தடுமாறினால் பயப்பட வேண்டாம், 5600ஜி வந்தபின் மறுபடி முயலுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று பிழையில்லாமல் ஓட வேண்டும்.

பிராசஸரைக் கழற்றுதல்

ஏஎம்4இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. மேலே பிடித்து வைக்கும் உலோகச் சட்டம் கிடையாது. ஆறேழு ஆண்டில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் வளைவது அப்போதுதான்.

அதனால் கணினியைப் பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக உழைக்கவிட்டு பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, கேபினெட்டைப் படுக்க வையுங்கள். ஸ்டெல்த்தின் நான்கு ஸ்பிரிங் திருகுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். திருகு கழன்றதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகட்டைப் பிடிக்க வேறெதுவும் இல்லை, அது நழுவும். ஒரு கையால் தாங்குங்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கும் உணர்வு வந்தபின் தூக்குங்கள். அப்படியும் பிராசஸர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், ஹேர் டிரையரால் சூடாக்கிப் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். வளைந்த பின்னை 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் வெறும் முனைக்குள் நுழைத்து ஒரே மூச்சில் அல்லாமல் மெதுவாக நிமிர்த்தலாம்.

புதியதை வைக்கும்போது ஒரு மூலையில் உள்ள தங்க முக்கோணம் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருந்த வேண்டும். நெம்புகோல் நிமிர்ந்திருக்க, பிராசஸர் தன் எடையிலேயே உட்காரும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தவறு, எடுத்துப் பாருங்கள். பெட்டியில் வந்த கூலரின் அடியில் பேஸ்ட் தடவியே இருக்கும். பழைய கூலரையே போடுவதென்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு பேஸ்ட் நடுவில் வையுங்கள்.

முதல் முறை ஆன் செய்ததும் ராமைப் பழக்கிக்கொள்ள ஒரு நிமிடமோ அதற்கு மேலோ இருட்டாக இருக்கும். தானே ஓரிரு முறை அணைந்து எழும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டி, ஒரே ஒரு ராமோடு முயலுங்கள். புதிய பிராசஸர் பொருத்தப்பட்டதால் எஃப்டிபிஎம் (பிராசஸரோடு சேர்ந்த டிபிஎம்) தகவலை அழிக்கவா என்று திரையில் கேள்வி வரும். மீட்புச் சாவி கையில் இருந்தால் 'ஒய்' (Y). பழைய பிராசஸருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் 'என்' (N). பயாஸில் யுஎம்ஏ அளவை (ராமில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் பங்கு) 2 ஜிபி என்று வைத்து, சிஎஸ்எம்மை அணைத்து, எஃப்டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்து, எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 நிறுவி, ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் போடுங்கள்.

மாற்றிய பின்

எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும் வேலையில் 5600ஜி, 2200ஜியைவிடச் சுமார் மூன்று மடங்கு. எக்ஸ்போர்ட் ஓடும்போதே பிரவுசரைப் பயன்படுத்தலாம். முழுச் சுமையில் ஸ்டெல்த் கூலரோடு 80 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. எல்லை 95 டிகிரி. நமது கோடையில், முகப்பு முழுக்கக் கண்ணாடி அடைத்த கேபினெட்டில் அதைத் தொடக்கூடும். முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி சேர்த்தாலே இறங்கும்.

எஸ்எம்பிஎஸ் பற்றி: 65 வாட் பிராசஸருக்கு 450 வாட் தாராளம், அளவு பிரச்சினையில்லை. கேபினெட்டோடு இலவசமாக வந்த, பெயரில்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் வாட் எவ்வளவு எழுதியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். அது சாகும்போது புதிய பிராசஸரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

சத்தம் பிடிக்காமல் உயரமான டவர் கூலர் வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டெல்த் காற்றைக் கீழ்நோக்கி ஊதுகிறது. அந்தக் காற்றுதான் ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம்மையும் குளிர்விக்கிறது. டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் பிராசஸர் குளிரும், விஆர்எம் சூடேறும். இந்த போர்டில் டவர் வைப்பதானால் கேபினெட்டின் பின்பக்க விசிறியும் சேர்ந்தே வேண்டும்.